விழுந்தாலும் சாகாத நாயகன்: மங்கி ஐலண்ட் குறித்த ஒரு கேள்விக்குப் பதில்

1990-இல் வெளிவந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ என்ற கடற்கொள்ளையர் சாகசக் கணினி விளையாட்டை, விடைக்குறிப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு நான்கு மணி நேரத்தில் முடித்துவிட்டதாகவும், சில வசனங்களுக்குப் புன்னகைத்ததைத் தவிர வேறொன்றும் நிகழவில்லை என்றும், இதைத் தலைசிறந்த நகைச்சுவை விளையாட்டு என்று கொண்டாடுவது இளமைக்கால நினைவின் மயக்கம்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: இந்த விளையாட்டின் நகைச்சுவை எங்கே இருக்கிறது, அது உங்கள் கண்ணில் ஏன் படவில்லை? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நகைச்சுவையின் பெரும்பகுதி, ஆடுபவர் தவறாகச் செய்து பார்க்கும் இடங்களில் வைக்கப்பட்டிருக்கிறது. விடைக்குறிப்பு அந்த இடங்களை எல்லாம் தாண்டி உங்களை அழைத்துச் சென்றுவிட்டது.

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விளையாட்டுகளுக்கு வசனமும் புதிரும் எழுதிப் பிழைப்பவன் நான். முன்பின் ஆடியிராத ஒருவரை உட்கார வைத்து, அவர் எங்கே தடுமாறுகிறார், எங்கே சிரிக்கிறார் என்று பின்னாலிருந்து குறித்துக்கொள்வது இந்தத் தொழிலின் அன்றாட வேலை. ஆனால் மங்கி ஐலண்டை உருவாக்கிய கூடத்தில் நான் இருந்தவன் அல்லன். அது உருவான விதம் பற்றிக் கீழே சொல்பவை உருவாக்கியவர்களே பேட்டிகளிலும் உரைகளிலும் வெளிப்படையாகச் சொன்னவை. அது ஏன் சிரிக்க வைக்கிறது என்பது மட்டும் என் கணிப்பு. அதை நீங்கள் மறுக்கலாம்.

1980-களில் சாகச விளையாட்டு என்றால் சியரா நிறுவனம்தான் அளவுகோல். ராபர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்த ‘கிங்ஸ் குவெஸ்ட்’ 1984-இல் வந்தது. அதில் என்ன செய்ய வேண்டும் என்பதை விசைப்பலகையில் வாக்கியமாகத் தட்ட வேண்டும், சொல் மாறினால் விளையாட்டுக்குப் புரியாது. ஒரு படியில் கால் பிசகினாலே நாயகன் இறந்துவிடுவான். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தொடக்கத்தில் எடுக்கத் தவறிய ஒரு சிறு பொருள் பல மணி நேரம் கழித்துத் தேவைப்படும், அப்போது திரும்பிப் போக வழி இருக்காது. இப்படிப்பட்ட விளையாட்டில் ஆடுபவர் எதையும் முயன்று பார்க்க அஞ்சுவார். ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை விளையாட்டைச் சேமித்துக்கொண்டு, கண்ணிவெடி புதைத்த வயலில் நடப்பவரைப் போல நடப்பார். அந்த மனநிலையில் இருப்பவரைச் சிரிக்க வைப்பது கடினம்.

மங்கி ஐலண்டை வடிவமைத்த ரான் கில்பர்ட் இதை நன்றாக உணர்ந்திருந்தார். அவரும் கேரி வினிக்கும் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் உருவாக்கிய ‘மேனியாக் மேன்ஷன்’ 1987-இல் வந்தது. வாக்கியம் தட்டும் வேலையை ஒழித்து, திற, மூடு, தள்ளு, இழு, எடு, கொடு என்று வினைச்சொற்களைத் திரையின் அடியில் வைத்துச் சொடுக்கச் செய்தது அது. ஆயினும் அதிலும் சாவு இருந்தது; முட்டுச்சந்துகளும் இருந்தன. தன் படைப்பின் குறைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு 1989-இல் கில்பர்ட் ஒரு கட்டுரை எழுதினார். சாகச விளையாட்டுகள் ஏன் சகிக்க முடியாதவையாக இருக்கின்றன என்பதே அதன் பொருள். ஆடுபவரைச் சாகடித்துப் பாடம் கற்பிக்காதீர்கள், எடுக்க மறந்த பொருளுக்காக விளையாட்டையே முடக்காதீர்கள், பூட்டைக் காட்டும் முன் சாவியைக் கையில் கொடுக்காதீர்கள் என்று அதில் அவர் வரிசையாகச் சொன்ன விதிகள் இன்றும் எங்கள் தொழிலில் மேற்கோள் காட்டப்படுகின்றன. மங்கி ஐலண்ட் அந்த விதிகளின்படி கட்டப்பட்டது. சாவை நீக்கியதில் அது முதலாவது என்று சொல்லிவிட முடியாது. பிரையன் மொரியார்ட்டியின் ‘லூம்’ அதே 1990-இல், அதே நிறுவனத்திலிருந்து, சில மாதங்கள் முன்பே அப்படி வந்துவிட்டது. லூம் கனவு போன்ற, அமைதியான கதை. சாவில்லாத விதியை நகைச்சுவைக்கு அடித்தளமாக்கியது மங்கி ஐலண்ட்தான்.

கதைக்கான விதை டிஸ்னிலேண்டில் 1967 முதல் ஓடும் ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படகுச் சவாரி. படகிலிருந்து இறங்கி அந்தக் கொள்ளையர்களோடு பேச முடிந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையைக் கில்பர்ட் பலமுறை சொல்லியிருக்கிறார். பில்லி சூனியமும் கடற்கொள்ளையும் கலந்த சூழலுக்கு டிம் பவர்ஸ் 1987-இல் எழுதிய ‘ஆன் ஸ்ட்ரேஞ்சர் டைட்ஸ்’ நாவலைக் காரணமாகக் காட்டுகிறார். இடையில் இந்த வேலையை நிறுத்திவைத்து, 1989-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டை நோவா ஃபால்ஸ்டைன், டேவிட் ஃபாக்ஸ் ஆகியோருடன் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இதற்குத் திரும்பினார். திரும்பியபோது அவரோடு சேர்ந்த இரண்டு இளைஞர்கள் டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும். இருவரும் நிரலும் எழுதினார்கள், வசனமும் எழுதினார்கள். தாங்கள் எழுதும் வசனம் தற்காலிகமானது, பின்னால் யாரோ சரியாக எழுதுவார்கள் என்ற நினைப்பில் மனம்போனபடி எழுதியதாகவும், அதுவே விளையாட்டில் நிலைத்துவிட்டதாகவும் ஷேஃபர் சொல்லியிருக்கிறார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாரும் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை என்று எண்ணி எழுதியவர்களின் கையிலிருந்த விடுதலை அந்த வசனங்களில் தெரிகிறது. அந்த விடுதலையைத்தான் ஆடுபவருக்கும் விளையாட்டு கொடுக்கிறது.

இதற்குக் கருவியும் துணை செய்தது. மேனியாக் மேன்ஷனுக்காகக் கில்பர்ட்டும் ஆரிக் வில்மண்டரும் உருவாக்கிய ஸ்கம் என்ற நிரல்மொழியில், ஒரு பாத்திரத்தை நடக்க வைப்பதும் பேச வைப்பதும் எளிய ஒற்றை வரிகள். ஒரு நகைச்சுவை எடுபடவில்லை என்றால் அதைக் கையோடு மாற்றி உடனே ஆடிப் பார்க்கலாம். வசனத்திற்கும் அதற்கு அடுத்த அசைவிற்கும் நடுவே எத்தனை நொடி இடைவெளி விட வேண்டும் என்பதில்தான் சிரிப்பு தங்கியிருக்கிறது. அந்த இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க முடிந்த குழுவுக்கே அது கைவரும்.

இப்போது உங்கள் விடைக்குறிப்பு தாண்டிச் சென்ற இடங்களைப் பார்ப்போம். மங்கித் தீவில் ஓர் உயரமான பாறை முனை இருக்கிறது. அதன் விளிம்பில் தேவையில்லாமல் நின்றால் பாறை உடைந்து நாயகன் கைப்ரஷ் திரீப்வுட் கீழே விழுகிறான். உடனே, நீங்கள் இறந்துவிட்டீர்கள், சேமித்த இடத்திலிருந்து தொடங்கவா, முதலிலிருந்தா, வெளியேறவா என்று கேட்கும் பெட்டி திரையில் வருகிறது. அந்தப் பெட்டி சியரா விளையாட்டுகளின் அச்சு அசலான நகல். சில நொடிகள் அப்படியே நிற்கிறது. சேமிக்காமல் போனோமே என்று வயிறு கலங்கும் நேரத்தில் கைப்ரஷ் கீழிருந்து துள்ளி மேலே வந்து நின்று, கீழே ரப்பர் மரம் இருந்ததாக இரண்டே சொல்லில் விளக்குகிறான். பத்தாண்டுகளாகச் செத்துச் செத்துப் பழகிய ஒரு தலைமுறைக்கு அந்த இரண்டு சொல் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விடைக்குறிப்பைப் பின்பற்றுபவர் அந்த விளிம்பில் நிற்பதற்குக் காரணமே இல்லை.

இன்னொன்று, முதல் பகுதியில் கைப்ரஷைக் கனமான சிலையோடு கட்டிக் கடலில் தள்ளிவிடும் இடம். தன்னால் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும் என்று அவன் முன்பே பெருமை பேசியிருப்பான். கடலடியில் அவனைச் சுற்றிலும் கயிற்றை அறுக்கக்கூடிய கூரிய பொருள்கள் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் கைக்குச் சற்று எட்டாத தூரத்தில். ஆடுபவர் கத்திக்கு நீட்டிப் பார்ப்பார், கத்தரிக்கு நீட்டிப் பார்ப்பார், ஒவ்வொரு தோல்வியும் கொஞ்சம் சிரிப்பைச் சேர்க்கும். விடை, கட்டியிருக்கும் சிலையையே கையில் எடுத்துக்கொண்டு நடந்து கரையேறிவிடுவது. அந்த விடை வெடிச்சிரிப்பாவதற்கு அதற்கு முன் ஐந்தாறு முறை ஏமாந்திருக்க வேண்டும். குறிப்பில் ‘சிலையை எடு’ என்று ஒரு வரியாகப் படித்தவருக்கு அது வெறும் கட்டளை. விளையாட்டில் கைப்ரஷ் உண்மையாகவே இறக்கக்கூடிய ஒரே இடமும் இதுதான். பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அவன் மூழ்கிவிடுவான், திரையடியில் இருக்கும் வினைச்சொற்களும் ‘மித’, ‘வீங்கு’, ‘வெறித்துப் பார்’ என்பது போல மாறிவிடும். தோற்பவருக்காகவே எழுதி வைத்த நகைச்சுவை இது.

வாள்சண்டைதான் இந்த வடிவமைப்பின் உச்சம் என்பேன். பழைய ஹாலிவுட்டின் வாள்சண்டை நாயகன் எரால் ஃப்ளின் காலத்துத் திரைப்படங்களில் வாள்வீச்சைவிட, வீச்சுக்கு நடுவே எறியும் ஏளன வசனங்களே சுவையாக இருப்பதைக் கவனித்த குழு, சண்டை முழுவதையும் வசைக்கும் எதிர்வசைக்குமான போட்டியாக மாற்றியது. வசைகள் பலவற்றை எழுத, நாவலாசிரியர் ஆர்சன் ஸ்காட் கார்டும் உதவினார். தொடக்கத்தில் கைப்ரஷுக்கு ஒன்றிரண்டு வசைகளே தெரியும். வழியில் போகும் கொள்ளையன் ஒருவன் புதிய வசை ஒன்றைச் சொல்லித் தோற்கடிப்பான்; அந்த வசை இனி நம்முடையது. அதையே அடுத்தவனிடம் சொல்லிப் பார்த்தால், அவனுக்குத் தக்க பதில் தெரிந்திருந்தால் நாம் தோற்போம். அந்தப் பதிலும் இனி நம்முடையது. தோல்வியின் வழியாக மட்டுமே கல்வி. ஒருவன், மாட்டுப்பண்ணைக்காரனைப் போலச் சண்டையிடுகிறாய் என்பான். பொருத்தம்தான், நீ மாட்டைப் போலச் சண்டையிடுகிறாயே என்பது பதில். இப்படிச் சேர்த்த சொத்தோடு தீவின் வாள் ஆசான் கார்லாவிடம் போனால், அவள் நாம் கேட்டறியாத வசைகளையே வீசுகிறாள். உன் உடம்பிலிருந்து ஒவ்வொரு துளி இரத்தத்தையும் கறந்துவிடுவேன் என்கிறாள். புதிய பதில் எதுவும் கையில் இல்லை. ஆனால் ‘கறந்து’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால், பழைய மாட்டுப் பதிலே இங்கும் கச்சிதமாகப் பொருந்துவது புரியும். அதாவது, எழுதியவர்கள் ஒவ்வொரு பதிலையும் இரண்டு வெவ்வேறு வசைகளுக்குப் பொருந்தும்படி செதுக்கியிருக்கிறார்கள். எழுதிப் பார்த்தவனாகச் சொல்கிறேன், இது மிகக் கடினமான வேலை. அந்தப் பொருத்தத்தை ஆடுபவர் தாமே கண்டுபிடிக்கும் நொடியில் நகைச்சுவையும் புதிரும் ஒன்றாகிவிடுகின்றன. நீங்கள் வசைப்பட்டியலைக் குறிப்பில் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நண்பர் காதில் விடையை ஓதிவிட்ட பிறகு விடுகதை கேட்பது போலத்தான் அது ஆகியிருக்கும்.

ஓவியத்தையும் இசையையும் பற்றிச் சுருக்கமாக. முதல் பதிப்பு பதினாறே வண்ணங்களில் வரையப்பட்டது. மார்க் ஃபெராரி அந்தப் பதினாறைப் புள்ளி புள்ளியாகக் கலந்து, ‘மேலே’ என்ற பெயர்கொண்ட முதல் தீவின் நீல இரவை உண்டாக்கினார். ஸ்டீவ் பர்செல் அட்டைப் படத்தையும் பாத்திரங்களையும் வரைந்தார். மைக்கேல் லேண்ட் அந்த நிறுவனத்தில் சேர்ந்து செய்த முதல் இசை இது. நாயகனின் விசித்திரப் பெயர் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பெயர் வைக்காத நாயகனை ‘ஆள்’ என்று பொருள்படும் ‘கை’ என்ற ஆங்கிலச் சொல்லாலேயே அழைத்துவந்தார்கள். டீலக்ஸ் பெயிண்ட் மென்பொருளில் வரையும் துண்டுப்படத்துக்கு ‘பிரஷ்’ என்று பெயர். கோப்பின் பெயரில் இரண்டும் சேர்ந்து கைப்ரஷ் ஆனது. திரீப்வுட் என்பது ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி. ஜி. வுட்ஹவுஸின் கதைகளில் வரும் குடும்பப் பெயர்.

வரவேற்பைப் பொறுத்தவரை, வெளிவந்தபோதே விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் அன்றைய சந்தையில் அது முதலிடத்தில் இல்லை. சியராவின் விளையாட்டுகள் இதைவிட அதிகம் விற்றன என்பதைக் கில்பர்ட்டே சொல்லியிருக்கிறார். ஆகவே அன்றே உலகம் முழுவதும் தலையில் வைத்துக் கொண்டாடியது என்ற கதையை அப்படியே ஏற்க வேண்டாம். அதன் புகழ் மெல்ல வளர்ந்தது. 2001-இல் தொடங்கிய ஸ்கம்விஎம் என்ற கட்டற்ற மென்பொருள் பழைய விளையாட்டுகளைப் புதிய கணினிகளில் ஓட வைத்தது. 2009-இல் டொமினிக் ஆர்மட்டோவின் குரலோடும் புதிய ஓவியங்களோடும் சிறப்புப் பதிப்பு வந்தது. அதே ஆண்டு அர்ஜென்டினாவின் செய்தித் தொலைக்காட்சி ஒன்று, மண்ணெண்ணெயும் பேட்டரி அமிலமும் கலந்த ‘கிராக்’ என்ற ஆபத்தான பானம் இளைஞர்களிடையே பரவுவதாகச் செய்தி வாசித்தது. அந்தக் கலவைப் பட்டியல் இந்த விளையாட்டிலிருந்து வந்தது. குவளையையே அரித்துவிடும் அந்தக் கிராக்கை, உருகும் குவளையிலிருந்து அடுத்த குவளைக்கு மாற்றி மாற்றி ஊற்றியபடி ஊர் நடுவே ஓடி, சிறைப்பூட்டின்மேல் ஊற்றுவது ஆடியவர்கள் எவரும் மறக்காத புதிர்.

நகைச்சுவை நிஜத்துக்குள் கசிந்த நிகழ்ச்சி தொடக்கக் காலத்திலும் ஒன்று உண்டு. காட்டில் ஒரு மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்தால், உள்ளே சுரங்கப் பாதை தெரிவதாகக் கைப்ரஷ் சொல்வான். இருபத்திரண்டாம் நெகிழ்வட்டைப் போடுங்கள் என்று விளையாட்டு கேட்கும், பிறகு முப்பத்தாறு, பிறகு நூற்றுப் பதினான்கு. அப்படி வட்டுகளே இல்லை. தங்கள் பெட்டியில் வட்டு குறைகிறது என்று நினைத்து உதவி எண்ணுக்கு அழைத்தவர்கள் இருந்ததால், பிந்தைய குறுந்தகட்டுப் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். 1991-இல் வந்த இரண்டாம் விளையாட்டில் கைப்ரஷே உதவி எண்ணுக்குத் தொலைபேசி செய்து அந்த அடிக்கட்டையைப் பற்றிக் கேட்க முடியும்.

‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படங்கள் இந்த விளையாட்டைப் பார்த்து எடுத்தவை என்று நீங்களும் எங்கோ படித்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உறுதியானது இவ்வளவுதான்: 2003-இல் வந்த முதல் படமும் இந்த விளையாட்டும் ஒரே டிஸ்னிலேண்ட் சவாரியிலிருந்து பிறந்தவை; 2011-இல் வந்த நான்காம் படம், கில்பர்ட்டுக்கு உந்துதல் தந்த அதே பவர்ஸ் நாவலைத் தழுவியது. மூலம் ஒன்றாக இருக்கும்போது சாயல் ஒன்றாக இருப்பது இயல்பு. சாயலை மட்டும் வைத்துக்கொண்டு நகல் என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

உங்கள் குறையில் நியாயம் இருக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். மங்கித் தீவில் நடக்கும் மூன்றாம் பகுதி முதல் பகுதியின் அடர்த்தியோடு ஒப்பிட வெறிச்சோடிக் கிடக்கிறது. பேச ஆளில்லை, வீண் நடை அதிகம். இதைவிட நமக்கு நெருக்கமான தடை ஒன்று மொழி. முதல் தீவின் பாலத்தை மறித்து நிற்கும் பூதம், கவனத்தை ஈர்க்கக்கூடிய, ஆனால் உண்மையில் எந்த முக்கியத்துவமும் இல்லாத ஒன்றைக் கொடு என்கிறது. விடை, உணவகச் சமையலறைக்குப் பின்னால் கடற்பறவையைத் துரத்தி எடுக்கும் சிவப்பு ஹெர்ரிங் மீன். திசைதிருப்பும் பொய்த்தடயத்தை ஆங்கிலத்தில் ‘ரெட் ஹெர்ரிங்’ என்று சொல்லும் வழக்கு தெரியாதவருக்கு, கையில் இருந்த மீனைக் கொடுத்தோம், பூதம் வழிவிட்டது, அவ்வளவுதான். இரண்டாம் விளையாட்டில் மயக்கிய குரங்கையே திருகுகுறடாகப் பயன்படுத்தும் புதிர் இதைவிட மோசம். அமெரிக்கர்கள் அந்தக் கருவியைக் குரங்கின் பெயரால் அழைக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் அது புதிராகவே இருக்கும். இங்கிலாந்தில் இருந்தவர்களுக்கே அது விளங்கவில்லை, அது தவறான புதிர் என்று கில்பர்ட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார். இத்தகைய இடங்களில் சிரிப்பு வராதது உங்கள் குறையன்று.

மறுபடி முயல்வதாக இருந்தால் முழு விளையாட்டையும் ஆட வேண்டாம். முதல் பகுதி மட்டும் போதும். சிறப்புப் பதிப்பு உங்களிடம் இருப்பதால், எஃப்10 விசையை அழுத்திப் பழைய ஓவியத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். வசனத்தின் நொடிக்கணக்கு அந்தப் பழைய வடிவத்துக்கென்றே எழுதப்பட்டது, புதிய குரலில் சில இடங்களில் அது இழுபடுவதாக எனக்குப் படுகிறது. கதைமாந்தரிடம் பேசும்போது திரையில் வரும் நான்கைந்து பதில்களில் காரியம் ஆகக்கூடிய பதிலை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்லிப் பாருங்கள். வசைகளை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டாலும் பெரும்பாலானவை மறந்திருக்கும். எனவே கையில் இரண்டு வசையோடு தீவின் பாதையில் இறங்கி, எதிர்ப்படும் முதல் கொள்ளையனிடம் வாளை உருவுங்கள். அவனிடம் தோற்றுவிட்டு அடுத்தவனிடம் போங்கள்.